அறுபத்தெட்டுக் கையெழுத்து

சாண்டி கிரீக், வர்ஜீனியா
அக்டோபர் 4, 2022

கர்த்தருக்குள் அன்பான தம்பி லெமுவேலுக்கு அக்கா ஐடெல்லா எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையால் நான் சுகம். இடது காது மட்டும் முழுசாகக் கடையைச் சாத்திவிட்டது. போனில் பேசினால் நான் கத்துகிறேன், அடுத்த வீட்டு நாய் எனக்குப் பதில் குரைக்கிறது, நீ சொல்வது ஒன்றும் விழுவதில்லை. அதனால்தான் கடிதம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? முப்பது வருஷம் பால்டிமோரில் பஸ் ஓட்டிய கால், பார்த்து நட. வில்லாவுக்கு என் அன்பு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நேபோ மலைச் சபை மண்டபத்தில் நடக்கிற வாக்குச்சாவடியை எடுக்கப் போகிறார்கள். கவுண்டி கோர்ட்டு இருக்கிற ஊரில் ஷெரீப் ஆபீசுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்களே, அங்கே. பதினாலு மைல். இங்கே கார் இல்லாத வீடு இருபத்திரண்டு. எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். அதுவும் ஷெரீப்பின் போலீஸ்காரர்கள் நிற்கிற வாசலைத் தாண்டிப் போய் ஓட்டுப் போட நம் கறுப்பு ஜனங்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று உனக்கே தெரியும்.

போன வருஷம் மாநிலத்திலிருந்தே நமக்காக ஒரு சட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா? பாஸ்டர் குவார்ல்ஸ் பிரசங்கத்தில் படித்துக் காட்டினார். சாவடியை மாற்றுவதானால் முதலில் ஊரறியச் சொல்ல வேண்டும், முப்பது நாள் ஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டும். முடிவு செய்த பிறகும் முப்பது நாள் பொறுக்க வேண்டும், அதற்குள் யார் வேண்டுமானாலும் கோர்ட்டுக்குப் போகலாம். இனி நம்மை ஏய்க்க முடியாது என்று நானும் கை தட்டினேன். இப்போது பார், ஆகஸ்டிலேயே கோர்ட்டு ஊர்ச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, கருத்தும் கேட்டு முடித்துவிட்டார்களாம்.

நேற்று நம் கவுண்டி நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "உங்க சபை ஆளுங்களே அறுபத்தெட்டுப் பேரு எடத்த மாத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காங்களே. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். இருபத்தாறு வருஷமாக அந்த மண்டபத்தில் தேர்தல் மேசையில் உட்காருகிறவள் நான். என் மூக்குக்குக் கீழேயே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் சபை விருந்துக்கு வருகிற வீடு திரும்பும் ஞாயிறுக்கு ஆகஸ்டில் வந்தாயே, யாராவது ஏதாவது பேசியது காதில் விழுந்ததா? யோசித்து எழுது. உன் வீட்டு மனைக்கு செப்டிக் டேங்க் அனுமதி என்ன ஆயிற்று? அது இல்லாமல் வீடு கட்ட விடமாட்டார்களே. பக்கத்து மனையில் உன் விளக்கு எரியப்போகும் நாளைத்தான் எதிர்பார்த்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஐடெல்லா


பால்டிமோர்
அக்டோபர் 10, 2022

பிரியமான அக்காவுக்கு,

நானும் வில்லாவும் நலம். முழங்கால் மழைக்கு முந்திய நாளே மழை வரும் என்று சொல்கிறது, வானொலியைவிட நம்பகம். நீ காதுக்கு டாக்டரைப் பார்த்தாயா? அந்த மெஷினை மேஜை டிராயரில் வைத்திருந்தால் டிராயருக்குத்தான் காது கேட்கும்.

நல்ல செய்தி: அனுமதி வந்துவிட்டது. மூன்று தடவை மண் சரியில்லை என்று திருப்பியவர்கள், செப்டம்பரில் ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். டெல்பர்ட் பெட்டஸ் கவுண்டி ஆபீசில் பெரிய இடத்தில் இருக்கிறான் அல்லவா, ஒரு வார்த்தை சொன்னானாம். சின்ன வயதில் ஓடையில் நம்மோடு மீன் பிடிக்க வந்த ஒரே வெள்ளைக்காரப் பையன் அவன்தான், மறக்கவில்லை பார். வசந்தத்தில் அஸ்திவாரம். சமையலறை ஜன்னலை உன் வீட்டைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறாள் வில்லா. நீ என்ன சமைக்கிறாய் என்று உளவு பார்க்கத்தான்.

கையெழுத்து விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. விருந்து நாளில் யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று யார் கண்டது? அன்றைக்கு வந்தவர்கள் பெயரெழுதும் புத்தகத்தை வைத்திருந்தது ஆர்லீத்தாதானே. அவளைக் கேட்டுப் பார். ரொம்ப அலட்டிக்கொள்ளாதே, உனக்கு ரத்த அழுத்தம்.

அன்புத் தம்பி,
லெம்


சாண்டி கிரீக்
அக்டோபர் 19, 2022

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அனுமதி வந்த செய்தியைப் படித்து அடுப்பில் இருந்த காலர்ட் கீரையைத் தீயவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

நீ சொன்ன மாதிரியே ஆர்லீத்தாவைக் கேட்டேன். அதற்கு முன்னால் கவுண்டி ஆபீசுக்குப் போய் அந்தக் கையெழுத்துத் தாள்களுக்கு நகல் கேட்டேன். நாலு பக்கமாம். மூன்றைக் கொடுத்தாள் அங்கே மேசையில் இருந்த பெண். முதல் பக்கம் எங்கே என்றால் தலையைச் சொறிகிறாள், தேடி அனுப்புகிறாளாம். யாருக்குக் காது குத்துகிறாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிப் படித்தேன், தம்பி. ஓட்டுப் போட வருகிறவர்கள் என் மேசை முன்னால் நின்று பெயரும் முகவரியும் வாய்விட்டுச் சொல்வார்கள். இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு இந்த ஊரில் எந்த வீட்டில் யார் என்பது எனக்கு மனப்பாடம். இந்தத் தாளில் இருக்கிற ஐம்பத்தொரு பேரில் முப்பத்து மூன்று பேர் சாண்டி கிரீக்கில் இல்லவே இல்லை. பிலடெல்பியா, நூவர்க், உன் பால்டிமோர். ஆனால் முகவரி எல்லாம் இந்த ஊர். எட்னா அத்தை மகன் 1988இல் எரிந்துபோன வீட்டின் முகவரியை எழுதியிருக்கிறான். அங்கே இப்போது சோளம் நிற்கிறது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வீடு திரும்பும் ஞாயிறுப் புத்தகத்தில் மட்டும்தான் நம் ஆட்கள் இப்படி எழுதுவார்கள். எங்கே வசித்தாலும் அன்றைக்கு எழுதுவது புறப்பட்டுப் போன வீட்டைத்தான். ஆக, புத்தகத்தில் எழுதுவதாக நினைத்து வேறு எதிலோ எழுதியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், மேசையில் வந்தது, கோழி தின்ற கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன் என்கிறார்கள். யார் கொண்டு வந்தது என்றால் பேச்சை மாற்றுகிறார்கள், நானோ அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஆர்லீத்தாவை வாசலில் மறித்தேன். என் சொந்தச் சித்தி மகள், இருபத்திரண்டு வருஷமாகப் புத்தகம் அவள் பொறுப்பு. "புத்தகம் அலமாரியில பூட்டி இருக்கு, ஐடெல்லா. வேணும்னா பாத்துக்க" என்றாள். வேறு தாள் எதாவது சுற்றி வந்ததா என்றேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மடியில் கனம் இல்லாதவள் அப்படிப் போவாளா?

உன் பெயர் இந்த மூன்று பக்கத்தில் இல்லை. நீயும் போட்டாயா? போட்டிருந்தால் அந்தத் தாளைக் கொண்டு வந்தது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். மறக்காமல் எழுது.

உன் அக்கா,
ஐடெல்லா


பால்டிமோர்
நவம்பர் 2, 2022

பிரியமான அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இருமல் பிடித்துவிட்டது, வில்லா நெஞ்சில் மருந்தைத் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டாள். நீ கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. நீ அனுப்பிய ஊறுகாய்ப் பாட்டில் உடையாமல் வந்தது.

அக்கா, ஒரு வார்த்தை சொன்னால் கோபிக்கக் கூடாது. பதினாலு மைல் பெரிய தூரமா? தபாலில் ஓட்டுப் போடலாமே. நாளைக்கு நானே அங்கே வந்துவிட்டால் உன்னைக் காரில் கூட்டிப் போகிறேன். நடைவண்டி தள்ளுகிற நம் மிஸ்டர் ஓத்தோவையும் ஏற்றிக்கொள்ளலாம். கவுண்டிக்காரர்களை ரொம்பச் சீண்டினால் நாளைக்கு ஒரு தேவைக்கு அவர்கள் வாசலில்தானே போய் நிற்க வேண்டும்?

ஆர்லீத்தா அந்த டெல்பர்ட் பெட்டஸ் வீட்டுப் பெண்களோடு தையல் வகுப்புக்குப் போகிறவள் என்று வில்லா சொல்கிறாள். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

சமையலறைத் தரைக்கு மரமா கல்லா என்று இன்னும் முடிவாகவில்லை.

அன்புடன்,
லெம்


சாண்டி கிரீக்
நவம்பர் 12, 2022

அன்புத் தம்பிக்கு,

இருமல் விட்டதா? வெங்காயச் சாற்றில் தேன் கலந்து குடி.

செவ்வாய்க்கிழமை தேர்தல் நம் மண்டபத்திலேயே நடந்தது. புது இடம் அடுத்த ஜூனிலிருந்துதானாம். மிஸ்டர் ஓத்தோ கெய்ன்ஸ் தொண்ணூற்றொரு வயதில் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் வீட்டிலிருந்து கால் மைல்தான், அதற்கு முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறார். என் முன்னால் நின்று பெயரையும் முகவரியையும் மிலிட்டரிக்காரன் மாதிரி சொன்னார். சீட்டை வாங்கிக்கொண்டு, "அடுத்த தடவ எங்க வரணும், ஐடெல்லா?" என்றார். "இங்கதான்" என்றேன். அந்தப் பொய்யை நிஜமாக்க வேண்டும், தம்பி.

அவரைத் தபாலில் போடச் சொல்கிறாய். அவரிடம் நீயே சொல்லிப் பார். காரில் ஏற்றிப் போகிறேன் என்கிறாய். இருபத்திரண்டு வீட்டையும் ஏற்றுவாயா? உன் பழைய பஸ்ஸைக் கூடவே கொண்டு வருகிறாயா?

முடிவறிவிப்பை வியாழக்கிழமை ஒட்டிவிட்டார்கள். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் கோர்ட்டில் ஆட்சேபம் போட வேண்டும். ரிச்மண்டிலிருந்து மிஸ் டாண்ட்ரிட்ஜ் என்று ஒரு வக்கீல் பெண் வந்தாள். சின்னப் பெண், ஆனால் புலி. சட்டம் நம் பக்கம்தான் என்கிறாள். ஆனால் சபையே கேட்டுக்கொண்டது என்று கவுண்டி அந்த அறுபத்தெட்டையும் தூக்கிக் காட்டும்போது நீதிபதி என்ன நினைப்பார்? கையெழுத்து வாங்கியபோது மேலே இடமாற்றம் பற்றிய தலைப்பே இல்லை என்று, அதைச் சுற்றுக்கு விட்ட ஆளே சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் கதை முடிந்தது என்கிறாள். அந்த ஒரு ஆள்தான் வேண்டும்.

நாங்கள் ஆர்லீத்தாவைத் திரும்பவும் கேட்டோம். மூப்பர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நீ எழுதிய தையல் வகுப்பு விஷயத்தை நான்தான் எடுத்துச் சொன்னேன். அவள் அலமாரிச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மூப்பர்கள் அவளிடமிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். நான் வாசலில் மறித்த நாளிலிருந்தே, மூன்று வாரமாக, அவள் பாடற்குழுவிலும் இல்லை. பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்ட்டோ வரிசையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

முதல் பக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ தரைக்கு மரமா கல்லா என்று எழுதியிருக்கிறாய்.

உன் அக்கா,
ஐடெல்லா


சாண்டி கிரீக்
நவம்பர் 26, 2022

தம்பிக்கு,

நன்றி கூறும் நாள் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவை. இருமல் அதிகமோ என்று பயந்து போன் செய்தேன். வில்லா எடுத்தாள். நீ முடிவெட்டப் போயிருப்பதாகச் சொன்னது மாதிரி கேட்டது. முடிவெட்டப் போகிறவன் திடமாகத்தான் இருப்பான்.

முதல் பக்கம் வந்துவிட்டது. வக்கீல் பெண் போட்ட சத்தத்தில் வந்தது.

பதினேழு பெயர். நீ ஒன்றும் மறுக்க வேண்டாம், உன் கையெழுத்தை எனக்குத் தெரியும். முதல் வரியில் இருக்கிறது. உன் பெயர், நம் அப்பா வீட்டு முகவரி. டெம்ப்பி கெய்ன்ஸ் ஏழாவது வரியில் இருக்கிறாள்.

நீயே சொல். டெம்ப்பிக்குத் தொண்ணூற்று நாலு வயது. சபையில் வயதில் மூத்தவர் எழுதாமல் வீடு திரும்பும் ஞாயிறுப் புத்தகத்தில் வேறு ஒருவர் பேனா வைத்ததாக நம் ஊர்ச் சரித்திரத்திலேயே கிடையாது. போன வருஷம் அவள் வர நேரமானபோது ஒன்றரை மணி நேரம் அத்தனை பேரும் பசியோடு காத்திருந்தோம், நீயும்தான், முணுமுணுத்துக்கொண்டு. அவளுக்கு முன்னால் ஆறு பேர் எழுதியிருந்தால் அது புத்தகம் இல்லை. அது புத்தகம் இல்லை என்று முதலில் எழுதியவனுக்குத் தெரிந்திருக்கும்.

நான் இன்னும் யாரிடமும் காட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி. அந்தத் தாளை உன் கையில் கொடுத்தது யார்?

முழங்கால் எப்படி இருக்கிறது?

ஐடெல்லா


பால்டிமோர்
டிசம்பர் 1, 2022

பிரியமான அக்காவுக்கு,

நலம். இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. இருமல் பரவாயில்லை. முழங்கால் அப்படியேதான்.

நீ ஏன் இதை இவ்வளவு பெரிதாக்குகிறாய் என்று புரியவில்லை. ஆமாம், நானும் போட்டேன். அறுபத்தெட்டுப் பேர் போட்டார்கள். மேசையில் ஒரு தாள் இருந்தது, எல்லாரும் போடுகிறார்கள் என்று போட்டேன். யார் வைத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் முதல் வரியில் இருந்தால், மேலே இடம் காலியாக விட்டிருந்தார்கள் போல, எழுதினேன்.

வீட்டு அனுமதியை மறுபடி பரிசீலிக்கப் போவதாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. எதற்கும் இந்த நேரத்தில் என் பெயர் எதிலும் வராமல் இருந்தால் நல்லது. உனக்குப் பக்கத்தில் வந்து இருக்கத்தானே இத்தனை பாடும். யோசித்துப் பார்.

வில்லா விசாரித்தாள்.

லெம்


சாண்டி கிரீக்
டிசம்பர் 3, 2022

லெமுவேலுக்கு,

உன் முழங்காலைப் பற்றி இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த அரை மணி நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு ஆர்லீத்தா வீட்டுக்கு நடந்தேன். ஆறு வாரமாக அந்த வாசலை மிதிக்காதவள். அவள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுடுகிற 'பை' பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "தாளை எடுத்துட்டு மேசை மேசையா போனது யாரு?" என்று கேட்டேன்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "லெம்தான். அட்டையில தாள வச்சுக்கிட்டு எல்லா மேசைக்கும் போனான். சபை ரோட்டுக்குத் தார் போடக் கேக்குறோம்னு சொன்னான். கேக்காதவங்க விருந்துப் புத்தகம்னு நெனச்சுப் போட்டாங்க. நான் போடல. நான் கெழங்குப் பலகாரத்த வெட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"மூப்பருங்க கேட்டப்ப ஏன்டி சொல்லல?"

"உன் தம்பி. நீ பக்கத்துல ஒக்காந்துருக்க. அவன் வரப்போறான் வரப்போறான்னு வருசம் முழுக்க அதையே பேசிக்கிட்டு இருக்க. நான் சொல்லி நீ தெரிஞ்சுக்கணுமா? அவனே சொல்லுவான்னு இருந்தேன்."

லெம், நான் அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அவளைச் சந்தேகப்பட்டது நான். எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டது நீ. "நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை" என்று எவ்வளவு அழகாகப் பொடி வைத்து எழுதினாய். அந்த வரியை நான் மூப்பர்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்னேனே.

அப்பா ஓட்டுக்குப் பதியக் கோர்ட்டு ஊருக்குப் போன கதை உனக்குத் தெரியாதது இல்லை. அங்கே ஒரு வெறுந்தாளைக் கையில் கொடுப்பார்கள். படிவம் கிடையாது, தலைப்பு கிடையாது. என்னென்ன எழுத வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், எழுதியதில் ஒன்று குறைந்தாலும் திரும்பிப் போ என்பார்கள். மூன்று தடவை அந்த வெறுந்தாளோடு திரும்பி வந்தார். நாலாவது தடவை ஜெயித்தார். தலைப்பில்லாத தாளை நம் ஜனத்தின் கையில் கொடுத்து ஓட்டைப் பிடுங்குவது கவுண்டிக்காரன் வித்தை. அதை அப்பாவின் மகனே செய்தான், அப்பா வீட்டு முகவரியை எழுதி.

எனக்குப் பக்கத்தில் வந்து இருக்கத்தான் இத்தனை பாடும் என்கிறாய். எனக்கு எழுபத்து மூன்று வயது, தனியாக இருக்கிறேன். உன் விளக்கு பக்கத்தில் எரிவதைவிட எனக்கு வேறு ஆசை கிடையாது. ஆனாலும் அதை இந்த விலைக்கு வாங்கமாட்டேன்.

வக்கீல் பெண்ணின் விலாசம் இதற்குப் பின்புறம் இருக்கிறது. இன்னும் ஏழு நாள்.

ஐடெல்லா


பால்டிமோர்
டிசம்பர் 6, 2022
விரைவுத் தபால்

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

வீடு திரும்பும் ஞாயிற்றுக்கு முந்திய நாள் டெல்பர்ட் பெட்டஸ் என்னைப் பெட்ரோல் பங்கில் பார்த்தான். தோளில் கை போட்டான். "லெம், நீ சொன்னா உங்க சனம் கேக்கும். சபை ரோட்டுக்குத் தார் போட ஒரு மனு. பேரும் முகவரியும் வாங்கிக் குடு, மேல எழுத வேண்டியத நான் எழுதிக்கிறேன்" என்றான். அப்படியே, உன் மனை ஃபைலையும் நான் எடுத்துப் பார்க்கிறேன் என்றான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான், அக்கா. எனக்கு அப்போதே உறுத்தியது. உறுத்தியதை நான் அமுக்கிவிட்டேன். வடக்கே போய்ப் பெரிய மனுஷனாகத் திரும்பியவன் என்று அவன் சொன்னது இனித்தது.

வெறும் கோடு போட்ட நாலு தாள். மேல் பாகம் காலி. அந்தக் காலி இடத்தை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், என்னை நம்பிப் போட்டார்கள். டெம்ப்பியம்மா, "என் கண்ணாடி இல்லையே, என்னப்பா இது?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா, ரோட்டுக்கு" என்றேன்.

அனுமதி வந்தபோது வெறும் நட்பு என்று நினைத்துக்கொண்டேன். உன் முதல் கடிதத்தைப் படித்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். வீடு போய்விடும் என்று பயந்தேன். பிறகு நீ தேடத் தேட, உன்னிடம் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அதைவிடப் பெரிதாகிவிட்டது. ஆர்லீத்தா பெயரை நானே என் கையால் எழுதினேன். வில்லா தையல் வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் நான்தான்.

காலையில் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து, இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மிஸ் டாண்ட்ரிட்ஜுக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். கோர்ட்டுக்கு வரச் சொன்னாலும் வருவேன். நாளைக்கே பிலடெல்பியா, நூவர்க் ஆட்களுக்கும் நானே போன் செய்து, உண்மையான முகவரியோடு எழுதித் தரச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தைச் சபையில் படித்துக் காட்டாதே. வேறு எது வேண்டுமானாலும் செய்.

லெமுவேல்


சாண்டி கிரீக்
ஜூலை 17, 2023

தம்பிக்கு,

ஏழு மாதமாக நான் பதில் எழுதவில்லை. நீ அனுப்பிய ஐந்து கடிதமும் வந்தது. பிரித்துப் படித்தேன், மேஜை டிராயரில் காது மெஷின் பக்கத்தில் வைத்தேன். என்ன எழுதுவது என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன். கோபம் தீர வேண்டுமே.

வக்கீல் பெண் சொல்லியிருப்பாள். உன் வாக்குமூலமும் நாற்பத்து மூன்று பேர் எழுதிக் கொடுத்த உண்மையான முகவரியும் கோர்ட்டில் போய் உட்கார்ந்ததும், கவுண்டிக்காரர்கள் வழக்கு நடத்தவில்லை, தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். பெட்டஸ் வேறு ஊர் ஆபீசுக்குப் போய்விட்டான், பதவி உயர்வோடு. உன் அனுமதி ரத்தானதும் தெரியும். மண் சரியில்லையாம். பக்கத்து மனையில் இந்த வருஷமும் புல்தான். தினம் காலையில் அந்தப் பக்க ஜன்னலைத் திறக்கும்போது எனக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

ஜூன் தேர்தல் நம் மண்டபத்தில் நடந்தது. மிஸ்டர் ஓத்தோ இந்தத் தடவை மூன்று வாசலில் உட்கார்ந்தார், ஆனால் வந்து சேர்ந்தார்.

உன் கடிதத்தைச் சபையில் படிக்க வேண்டாம் என்று கெஞ்சியிருந்தாய். படித்தே தீருவது என்றுதான் இருந்தேன். அதற்கு முன்னால் ஆர்லீத்தா படிக்க வேண்டும் என்று கொடுத்தேன். அவள் அடுப்படியில் நின்றே படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "டெம்ப்பிம்மா காதுல விழ வேணாம். அவங்க அவன நம்பிப் போட்டாங்க. இந்த வயசுல அது வேற தெரியணுமா?" என்றாள். அதனால் படிக்கவில்லை. அவள் மேல் இருந்த பழியை மட்டும் நான் எழுந்து நின்று, என் வாயால் துடைத்தேன். தாளைச் சுற்றுக்கு விட்டது என் வீட்டு ஆள் என்று சொன்னேன். எந்த ஆள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. மூப்பர்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆல்ட்டோ வரிசையும் நிரம்பிவிட்டது.

ஆகஸ்ட் பதின்மூன்று, வீடு திரும்பும் ஞாயிறு. வா. வில்லாவையும் கூட்டிக்கொண்டு வா.

புத்தகம் ஆர்லீத்தாவிடம் இருக்கும். உன் முறை வரும்போது வரிசையில் நின்று பேனாவை அவளிடம் கேட்டு வாங்கு. இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறாள். எழுதுவதற்கு முன்னால் என் தேர்தல் மேசையில் சொல்வதுபோல ஒவ்வொருவரும் பெயரையும் முகவரியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் எப்போதும்போல அவரவர் புறப்பட்டுப் போன வீட்டைச் சொல்வார்கள். நீ அப்பா வீட்டைச் சொல்லாதே. பால்டிமோரைச் சொல், தெரு, கதவு எண் எல்லாம், எனக்குக் கேட்கும்படி. மெஷினை மாட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த வருஷம் எந்த முகவரி என்று அடுத்த வருஷம் பார்க்கலாம்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

உன் அக்கா,
ஐடெல்லா